ரெண்டு ஜோடி கணக்கு ரெண்டு மடங்கா வந்திருக்கு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்க பேப்பர்ல வாரா வாரம் வர்ற மாணவர் பக்கத்த நான் விடாம படிக்கறவ. ப்ளஸ் ஒன், ப்ளஸ் டூ பசங்களுக்கு வீட்லயே கணக்கு ட்யூஷன் எடுக்கறேன், அதனால அந்தப் பக்கத்த வெட்டி வச்சு பசங்ககிட்ட குடுக்கறதும் உண்டு. அதுல நிகழ்தகவு பத்தி எழுதினப்போ போக்கர் ஆட்டத்துல அஞ்சு சீட்டு போட்டா எந்தக் கை வர எவ்வளவு வாய்ப்புன்னு ஒரு பட்டியல் குடுத்திருந்தீங்க. ரொம்ப நல்ல விஷயம், பகடை உருட்டறதையும் காசு சுண்டறதையுமே திரும்பத் திரும்பப் போடறத விட இது எவ்வளவோ மேல். ஆனா அந்தப் பட்டியல்ல ரெண்டு ஜோடிக்கு 2,47,104ன்னு போட்டிருக்கு, அது தப்பு. சரியான எண்ணிக்கை 1,23,552. கரெக்டா ரெண்டு மடங்கா இருக்கறதால இது அச்சுப்பிழை இல்லன்னு தெரியுது, கணக்கு போட்ட விதத்துலயே ஒரு இடத்துல வழுக்கியிருக்கு. என்கிட்ட படிக்கற பசங்கள்ல பாதிப் பேர் அதே இடத்துல தான் வழுக்கறாங்க, அதான் கொஞ்சம் விரிவாவே எழுதறேன், இடம் இருந்தா முழுசா போடுங்க.

மொதல்ல மொத்தம் எவ்வளவுன்னு பாத்துடலாம். 52 சீட்டுல ஒண்ணு ஒண்ணா அஞ்சு எடுத்தா 52 × 51 × 50 × 49 × 48, அதாவது 31,18,75,200 வருது. ஆனா கைக்கு வந்த அஞ்சு சீட்ட எந்த வரிசையில அடுக்கினாலும் அது அதே கை தான், அஞ்ச அடுக்க 120 விதம் இருக்கு, அதனால 120ஆல வகுத்தா 25,98,960. இது உங்க பட்டியல்லயும் சரியா இருக்கு.

இப்போ ரெண்டு ஜோடி. கையில ஸ்பேடு 9, ஹார்ட் 9, டைமண்ட் 4, கிளாவர் 4, கூட ஏதோ ஒரு ராணி இருக்குன்னு வச்சுக்கோங்க. இத எண்றதுக்கு பசங்க என்ன பண்றாங்கன்னா, மொதல் ஜோடிக்கு நம்பர் 13 விதமா வரலாம், அடுத்த ஜோடிக்கு மிச்சம் 12, ஆக 156ன்னு போட்டுடறாங்க. ஒவ்வொரு ஜோடிக்கும் ஸ்பேடு, ஹார்ட், டைமண்ட், கிளாவர்ங்கற நாலு ஜாதியில ரெண்ட எடுக்க 6 விதம், அஞ்சாவது சீட்டு இந்த ரெண்டு நம்பரும் இல்லாம 44ல ஒண்ணு, எல்லாத்தையும் பெருக்கினா 156 × 6 × 6 × 44, நீங்க போட்ட அதே 2,47,104 வந்துடுது. தப்பு அந்த 156ல இருக்கு. 9அ மொதல்ல சொல்லி 4அ அப்புறம் சொன்னாலும், 4அ மொதல்ல சொல்லி 9அ அப்புறம் சொன்னாலும் கையில இருக்கற சீட்டு மாறல, ரெண்டும் ஒரே கை. 156ன்னு எடுத்தா ஒவ்வொரு கையும் ரெண்டு தடவ எண்ணப்படுது, பாதியாக்கி 78ன்னு எடுக்கணும். 78 × 6 × 6 × 44 = 1,23,552. சதவீதமா சொன்னா 4.75, நீங்க போட்டபடி பாத்தா 9.5.

அப்போ ஃபுல் ஹவுஸுக்கு (ஒரு நம்பர்ல மூணு, இன்னொரு நம்பர்ல ரெண்டு) மட்டும் 13 × 12ன்னே போட்டு சரியா வந்திருக்கே அது எப்படின்னு பசங்க கேப்பாங்க, கேக்கணும், அது தான் நல்ல கேள்வி. அங்க மூணு 9 ரெண்டு 4 இருக்கறது வேற கை, மூணு 4 ரெண்டு 9 இருக்கறது வேற கை. இடம் மாத்தினா சீட்டே மாறிடுது, அதனால 156 அங்க சரி, 156 × 4 × 6 = 3,744. அதாவது ஃபார்முலாவ மனப்பாடம் பண்ணி வேல ஆகாது, ரெண்டையும் இடம் மாத்திப் பாத்தா கையில வேற சீட்டு வருதா அதே சீட்டு தானான்னு ஒவ்வொரு தடவயும் கேட்டாகணும். பெர்முட்டேஷனா காம்பினேஷனான்னு பரிச்சையில முழிக்கற பசங்களுக்கு இத விட தெளிவா சொல்ல எனக்கு வேற உதாரணம் கிடைக்கல, சீட்ட எடுத்து மேசையில வச்சு கைய மாத்தி மாத்திக் காட்டினா அந்த நிமிஷமே புரிஞ்சுடுது.

இன்னொண்ணும் சொல்லணும். இதே தப்ப ஒரு ஜோடியில பண்ணா உடனே மாட்டிக்குவோம். ஒரு ஜோடிக்கு 13 × 6, மிச்ச மூணு சீட்டுக்கு 12 × 11 × 10ன்னு வரிசையோட எடுத்து ஜாதிக்கு 4 × 4 × 4 பெருக்கினா 65,89,440 வரும், மொத்தமே 25,98,960 தானே, எங்கயோ தப்புன்னு சின்னப் பையன் கூட கண்டுபிடிச்சுடுவான். மூணு சீட்ட அடுக்க 6 விதம், அதால வகுத்தா 10,98,240, அது தான் சரி, நீங்களும் அதையே போட்டிருக்கீங்க. ஆனா ரெண்டு ஜோடியில பண்ற தப்பு அப்படி வெளிய தெரியாது. ரெண்டு மடங்கானாலும் மொத்தத்துக்குள்ள தான் நிக்குது, அது மட்டுமில்ல, ஒரு ஜோடிய விட கம்மியாவும் மூணு ஒரே நம்பர் வர்ற கைய விட அதிகமாவும் தான் நிக்குது, அதனால வரிசைப்படுத்திப் பாத்தாலும் சந்தேகம் வராது.

பிடிக்கறதுக்கு ஒரே வழி கூட்டிப் பாக்கறது. ராயல் ஃப்ளஷ் (ஒரே ஜாதியில 10ல இருந்து ஏஸ் வரைக்கும்) 4, மிச்ச ஸ்ட்ரெய்ட் ஃப்ளஷ் (ஒரே ஜாதியில வரிசையா அஞ்சு) 36, நாலு ஒரே நம்பர் 624, ஃபுல் ஹவுஸ் 3,744, ஃப்ளஷ் (வரிசை இல்லாம ஒரே ஜாதியில அஞ்சு) 5,108, ஸ்ட்ரெய்ட் (ஜாதி கலந்து வரிசையா அஞ்சு) 10,200, மூணு ஒரே நம்பர் 54,912, ரெண்டு ஜோடி 1,23,552, ஒரு ஜோடி 10,98,240, ஒண்ணுமே சேராத கை 13,02,540. கூட்டினா பைசா பாக்கி இல்லாம 25,98,960 வருது. உங்க பட்டியல கூட்டினா 27,22,512, இல்லாத 1,23,552 கை உள்ள வந்து உக்காந்திருக்கு. பட்டியலுக்குக் கீழ மொத்தம்னு ஒரு வரி போட்டிருந்தா அச்சுக்குப் போகும்போதே கண்ணுல பட்டிருக்கும். கணக்குப் பகுதிக்கு இனிமே அப்படி ஒரு வரிய கட்டாயம் ஆக்குங்கன்னு கேட்டுக்கறேன்.

அப்புறம் அந்தப் பக்கம் வந்த அடுத்த வாரம் ஒரு வாசகர் எழுதியிருந்தாரு, பள்ளிக்கூடப் பசங்க படிக்கற இடத்துல சூதாட்டத்த ஏன் சொல்லித் தர்றீங்க, இத நிறுத்துங்கன்னு. அவரோட கவலை எனக்கும் உண்டு. ஆன்லைன் ரம்மியில பணத்த விட்டுட்டு குடும்பத்தோட தெருவுக்கு வந்த கதைய நம்ம ஊர்ல கேக்காதவங்க இல்ல. ஆனா சீட்டுக்கட்ட பாடத்துல இருந்து எடுத்துட்டா பசங்க சீட்ட பாக்காம இருந்துடுவாங்களா, அவங்க கையில இருக்கற ஃபோன்ல தானே எல்லாமே வருது. அதுவும் இல்லாம நிகழ்தகவுங்கற பாடமே சூதாட்ட மேசையில பொறந்தது தான். இத்தாலியில கார்டானோன்னு ஒரு டாக்டர், 16ஆம் நூற்றாண்டுல பகடை ஆட்டத்துக்கே ஒரு புத்தகம் எழுதி வச்சாரு, அவர் செத்து ரொம்ப வருஷம் கழிச்சு 1663ல தான் அச்சுல வந்தது. அதுக்குள்ள 1654ல ஃப்ரான்ஸுல ஒரு சூதாட்டப் பிரியர் கேட்ட சந்தேகத்துக்காக பாஸ்கல், ஃபெர்மான்னு ரெண்டு கணக்கு மேதைங்க மாத்தி மாத்தி லெட்டர் எழுதிக்கிட்டாங்க, ஆட்டம் பாதியில நின்னுட்டா பந்தயப் பணத்த எப்படிப் பிரிக்கறதுங்கறது தான் கேள்வி. இன்னிக்கு இன்ஷூரன்ஸ் கம்பெனி பிரீமியம் போடறது வரைக்கும் அங்க இருந்து தான் வந்தது. அதனால சீட்ட ஒளிச்சு வைக்காதீங்க, கணக்க சரியா போட்டுக் காட்டுங்க, அது தான் அந்த வாசகர் விரும்பற பாதுகாப்பையும் தரும்னு நான் நம்பறேன்.

ஏன் அப்படிச் சொல்றேன்னா, சூதாட்டத்துல பணம் விடறவங்க எண்ணிக்கை தெரியாததால மட்டும் விடறதில்ல, எண்ணிக்கைய தப்பா அர்த்தம் பண்ணிக்கிட்டும் விடறாங்க. உங்க கட்டுரையிலயே ராயல் ஃப்ளஷ் "6,49,740 தடவைக்கு ஒரு தடவை வரும்"னு ஒரு வரி இருக்கு. சராசரியாங்கற வார்த்தை அங்க விட்டுப் போச்சு, அந்த ஒரு வார்த்தை தான் முக்கியம். சின்ன நம்பர்ல சொல்றேன். இப்போ உலகம் பூரா அதிகமா ஆடற டெக்சஸ் ஹோல்டெம்ல ஒவ்வொருத்தருக்கும் மொதல்ல ரெண்டு சீட்டு மட்டும் குடுப்பாங்க. 52ல ரெண்ட எடுக்க 1,326 விதம், ரெண்டும் ஏஸா வர 6 விதம், ஆக 221ல ஒண்ணு. சரி, 221 தடவ சீட்டு வாங்கினா ரெண்டு ஏஸ் ஒரு தடவயாவது வந்தே தீரும்னு தானே தோணும்? ஒவ்வொரு தடவயும் வராம போக 221ல 220 வாய்ப்பு, அத 221 தடவ பெருக்கிப் பாருங்க, கிட்டத்தட்ட 37 சதவீதம் வரும். அதாவது மூணு பேர் ஆளுக்கு 221 தடவ சீட்டு வாங்கினா அதுல சராசரியா ஒருத்தருக்கு மேல அந்தக் கைய கண்ணாலயே பாக்காம போயிடுவாங்க. ராத்திரி பூரா நல்ல கை வரல இனிமே வந்தே ஆகணும்னு உக்காந்திருக்கறவருக்கு இந்த 37அ யாராவது முன்னாடியே காட்டியிருக்கணும். சீட்டுக்கட்ட ஒழுங்கா கலைச்சுட்டா போன ஆட்டம் அதுக்கு ஞாபகம் இருக்காது.

இன்னொரு பக்கம், எந்தக் கை பெருசு எந்தக் கை சின்னதுங்கற வரிசையையும் பசங்க சாமி வாக்கு மாதிரி எடுத்துக்கறாங்க. அஞ்சு சீட்டுல அரிதா வர்றது பெரிய கை, சரி தான், மேல குடுத்த எண்ணிக்கையே அதுக்கு சாட்சி. ஆனா ஹோல்டெம்ல கைல இருக்கற ரெண்டோட மேசையில எல்லாருக்கும் பொதுவா விழற அஞ்சையும் சேத்து, கடைசியில ஏழு சீட்டுல இருந்து நல்ல அஞ்ச எடுத்துக்கறாங்க, அங்க மொத்தம் 13,37,84,560 விதம். அதுல ஒண்ணுமே சேராம போறது 17.4 சதவீதம் தான், ஒரு ஜோடி 43.8, ரெண்டு ஜோடி 23.5. ஒண்ணுமில்லாத கை ரெண்டு ஜோடிய விட அரிதா வருது, ஆனாலும் மதிப்புல அது தான் கடைசி. ஏழு சீட்டு ஆட்டத்துக்கு அஞ்சு சீட்டு வரிசைய அப்படியே தூக்கிப் போட்டதால வந்தது இது.

நம்ம நாட்டு ஆட்டத்துலயும் இது உண்டு. தீன் பத்தின்னு வடக்க ஆடற மூணு சீட்டு ஆட்டத்துல மொத்தம் 22,100 கை. மூணும் ஒரே நம்பர் வர 52 விதம். ஒரே ஜாதியில வரிசையா மூணு வர 48 விதம் (ஏஸ் ராஜா ராணியும் ஏஸ் ரெண்டு மூணும் ரெண்டுமே வரிசைன்னு எடுத்துக்கிட்டா 12 வரிசை, நாலு ஜாதிக்கு 48). ஆக அரிது எதுன்னா ஒரே ஜாதி வரிசை தான், ஆனா ஆட்டத்துல மூணு ஒரே நம்பருக்குத் தான் மொதல் இடம். அமெரிக்க கசினோவுல ஆடற த்ரீ கார்டு போக்கர்ல இந்த ரெண்டையும் எண்ணிக்கைப்படி திருப்பி வச்சிருக்காங்க. மூணு சீட்டுல சாதா வரிசை 720, ஒரே ஜாதி 1,096, அதனால வரிசை தான் பெருசு, அஞ்சு சீட்டுல இது தலைகீழ். இதையெல்லாம் பசங்க கையாலயே எண்ணிடலாம், 22,100 ஒண்ணும் பயமுறுத்தற நம்பர் இல்ல.

சட்டம் பத்தியும் உங்க கட்டுரையில ஒரு வரி வந்தது, போக்கர் திறமை ஆட்டம்னு கோர்ட்டே சொல்லிடுச்சுன்னு. அது முழுசா சொல்லப்படல. 1968ல சுப்ரீம் கோர்ட் ரம்மிய பெரும்பாலும் திறமை சார்ந்ததுன்னு சொன்ன அதே தீர்ப்புல மூணு சீட்டு ஆட்டம் முழுக்க அதிர்ஷ்டம்னும் சொல்லியிருக்கு. நம்ம தமிழ்நாட்டுல 2022ல போட்ட சட்டம் ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட ஆட்டம்னு அட்டவணையில சேத்தது, 2023 நவம்பர்ல சென்னை ஹைகோர்ட் சட்டத்த வச்சுக்கிட்டு அந்த ரெண்டு ஆட்டத்துக்கான அட்டவணைய மட்டும் நீக்கிடுச்சு. அதுக்கு முன்னாடி 2017ல குஜராத் ஹைகோர்ட் போக்கர திறமை ஆட்டமா ஏத்துக்கல. கடைசியா 2025 ஆகஸ்ட்ல பார்லிமென்ட் நிறைவேத்தின சட்டம் திறமையோ அதிர்ஷ்டமோ பணம் கட்டி ஆடற ஆன்லைன் ஆட்டம் எதுவும் கூடாதுன்னு சொல்லிடுச்சு. இத்தனையும் சொன்னா தான் பசங்களுக்கு முழு விவரம் போகும்.

திறமை இல்லன்னு நான் சொல்லல. ஹோல்டெம்ல மொதல் மூணு பொதுச் சீட்டு விழுந்த அப்புறம் கைல நாலு ஸ்பேடு சேந்திருச்சுன்னா, பாக்காத 47 சீட்டுல 9 ஸ்பேடு பாக்கி, மிச்ச ரெண்டு சீட்டுல ஒண்ணாவது ஸ்பேடா வர வாய்ப்பு 35 சதவீதம், அத வச்சு நடுவுல இருக்கற பணத்தோட ஒப்பிட்டு நிக்கறதா எந்திரிக்கறதான்னு முடிவு பண்றது திறமை தான். ஆனா அந்தத் திறமை எதிர்ல இருக்கறவருக்கும் இருக்கும்ல. சீட்டு எல்லாருக்கும் ஒரே வாய்ப்போட தான் விழுது, எல்லாரும் ஒரே மாதிரி ஆடினா நீண்ட நாள்ல யாருக்கும் லாபமும் இல்ல நஷ்டமும் இல்ல. ஆனா ஆட்டத்த நடத்தறவங்க ஒவ்வொரு ஆட்டத்துலயும் நடுவுல சேர்ற பணத்துல ஒரு பங்கு எடுத்துக்கறாங்க, அவங்களுக்கு ஏஸ் வந்தாலும் ஒண்ணு தான் வராட்டியும் ஒண்ணு தான். அந்தப் பங்க கழிச்சா மேசையில உக்காந்தவங்க எல்லாரையும் சேத்துப் பாத்தா நஷ்டம் நிச்சயம். இது கூட்டல் கழித்தல், எட்டாவது படிக்கற பிள்ளைக்கே புரியும், இத தான் அந்தப் பக்கத்துல பெரிய எழுத்துல போட்டிருக்கணும்.

அடுத்த வாரத்துக்கு ஒண்ணு யோசனை சொல்றேன், ரம்மி ஆடற வீட்டுப் பசங்களுக்கு ஜோக்கர் நல்லாவே தெரியும். 52ஓட ஒரு ஜோக்கர சேத்து அது எந்தச் சீட்டாவும் இருக்கலாம்னு வச்சு போக்கர் கைகள எண்ணச் சொல்லுங்க. ஒரு ஜோடியும் ஜோக்கரும் வந்தவர் அத மூணு ஒரே நம்பர்னு தானே காட்டுவாரு, ஏன்னா அது தான் பெருசு. அப்படி 82,368 கை புதுசா சேந்து மூணு ஒரே நம்பர் 1,37,280 ஆயிடும், ரெண்டு ஜோடி அதே 1,23,552ல நிக்கும், அதாவது இப்போ ரெண்டு ஜோடி தான் அரிது. சரி நியாயமா ரெண்டு ஜோடிய மேல தூக்கி வைக்கலாம்னு விதிய மாத்தினா, ஜோக்கர் வச்சிருக்கறவர் உடனே அத ரெண்டு ஜோடின்னு காட்ட ஆரம்பிச்சுடுவாரு, அந்த 82,368 இந்தப் பக்கம் வந்து ரெண்டு ஜோடி 2,05,920 ஆயிடும், மூணு ஒரே நம்பர் 54,912க்கு எறங்கிடும். எப்படி வச்சாலும் அரிதா வர்றது கீழ போகுது, அடிக்கடி வர்றது மேல வருது. என் ட்யூஷன்ல இத போட்டப்போ ஒரு பொண்ணு, "மிஸ், அப்போ சரியான வரிசையே கெடையாதா?"ன்னு எந்திரிச்சு நின்னு கேட்டா. இந்த ரெண்டு கையையும் பொறுத்தவரைக்கும் கெடையாது தான், அதுக்கு நிரூபணமே மேல இருக்கற நாலு நம்பர். சீட்டாட்டம்னு ஒதுக்கி வச்சிருந்தா அந்தப் பொண்ணு இந்தக் கேள்விய எங்க போய் கேட்டிருக்கும்.

திருத்தம் போடும்போது உள்பக்கத்துல ஓரமா ரெண்டு வரியில முடிக்காம, மாணவர் பக்கத்துலயே முழுப் பட்டியலையும் கீழ கூட்டுத்தொகையோட திரும்பப் போடுங்க. பழச நோட்டுல ஒட்டி வச்சிருக்கற பசங்க அது மேலயே புதுச ஒட்டிக்கலாம், அதே அளவுல இருந்தா நல்லது.

இப்படிக்கு,
ப்ளஸ் ஒன், ப்ளஸ் டூ கணக்கு ட்யூஷன் எடுக்கற ஒரு வாசகி,
தேனி மாவட்டம்